அம்மா இறங்கிய தொட்டி

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. அப்பத் தட்டு வரிசை வரிசையாகக் கைமாறி வரும். இருபத்துநாலு வருடங்களாக நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தட்டை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா எடுக்கமாட்டாள். இரண்டு கைகளாலும் ஏந்தி, சிந்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்துவாள். திராட்சைச் சாறு நிரம்பிய சின்னக் கண்ணாடிக் குப்பிகளும் அப்படியே அவளைக் கடந்து போகும்.

எங்களுடையது பாப்டிஸ்ட் சபை. எல்லாரும் வந்தாலும் நூறு பேர் தேறாது. முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான் இங்கே திருவிருந்து. அம்மா பிறந்து வளர்ந்தது ஊரில் உள்ள பெரிய சபையில். அங்கே கைக்குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளிப்பார்கள். நம்பிக்கை என்றால் என்னவென்று அறியாத குழந்தைக்குச் செய்வது ஞானஸ்நானம் ஆகாது என்பது எங்கள் போதனை. ஒருவர் தானாக நம்ப வேண்டும், அதைத் தன் வாயால் சபைமுன் சாட்சியாகச் சொல்ல வேண்டும், சபை கையுயர்த்தி ஏற்க வேண்டும். அதன்பின் பிரசங்க மேடையின் பலகைகளைக் கழற்றி, அடியில் இருக்கும் சிமெண்ட் தொட்டியில் நீர் நிரப்புவார்கள்.

அப்பா இந்தச் சபையில் போதகருக்குத் துணையான டீக்கனாக இருந்தவர். கல்யாணமான புதிதில் அம்மாவை முழுக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறார். "எனக்க அம்ம மடியில வச்சு எனக்கு ஒருமட்டம் ஆயாச்சு. அது போதும்" என்றாளாம். பிறகு அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். பதினாலு வயதில் நான் தொட்டியில் இறங்கிய வாரத்திலிருந்து கேட்டேன். வசனங்களைத் தாளில் எழுதி அவள் வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன். நாளிதழில் துணை ஆசிரியராகச் சேர்ந்த பிறகு வாதத்தைச் சுருக்கவும் கூர்மையாக்கவும் கற்றுக்கொண்டேன். அப்பா இறந்த வருடம்கூட, "அவருக்காகவாவது" என்று ஆரம்பித்தேன். அம்மா என் தட்டில் மரச்சீனிக்கிழங்கை வைத்து, "தின்னு மக்கா, ஆறிப்போவும்" என்றாள்.

அதனால்தான் சென்ற மே மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், வாரந்தோறும் போவதுபோல அம்மா வீட்டுக்குப் போனபோது, நான் பார்த்ததை ஒரு நிமிடம் நம்பவில்லை. தையல் மிஷினில் வெள்ளைத் துணி. முழுக்கு அங்கி. கழுத்து மூடி, கை நீண்டு, கணுக்கால்வரை வருவது. பக்கத்து நாற்காலியில் தைத்து மடித்த இன்னொன்று.

"ரெண்டு யாருக்கு?"

"ஒண்ணு இவளுக்கு. ஒண்ணு எனக்கு."

இவள் என்றால் தம்பியின் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருடம். அவளும் பெரிய சபைப் பிள்ளை, திருவிருந்துக்கு இதுவரை அங்கேதான் போய்வந்தாள். தம்பி வளைகுடாவில் வேலை. லீவில் வந்திருந்தான், லீவு முடிய ஒன்பது நாள் இருந்தது. அவன் ஊரில் இருக்கும்போதே அவள் முழுக்கு எடுத்துச் சபையில் சேருவதாக ஏற்பாடு. அது எனக்குத் தெரியும். இரண்டாவது அங்கி தெரியாது.

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல்ல. பாஸ்டர்ட்ட பேரு குடுத்தாச்சு."

அம்மா அங்கியின் கீழோரத்தை மடித்து, உள்ளே நான்கு விரற்கடைக்கு ஒன்றாக ஈயக்குண்டு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மீன்வலையில் கட்டும் குண்டு. தண்ணீரில் இறங்கும்போது அங்கி குடைபோல் விரிந்து மேலே மிதக்காமல் இருக்க.

"இது எங்க உள்ள யோசன?"

"நானாட்டு யோசிச்சதுதான். மீன் கொண்டு வார அக்காட்ட சொல்லி, மண்டைக்காட்டுல இருந்து வாங்குனேன். சின்னப் பிள்ளைல திருவட்டாத்துப் பக்கம் இவ ஆத்துல முங்கிப் பொழச்சவளாக்கும். தண்ணியக் கண்டாலே கை வெறைக்கும். இதுல துணி வேற மேல பொங்கி வந்தா, பேடிச்சுப் போவாள்லா."

பதினாலு வயதில் என் அங்கி மிதந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் முதல் அடி வைத்ததுமே பொங்கி மார்புவரை வந்தது. ஆண்கள் வரிசையில் யாரோ இருமினார்கள். நான் இரண்டு கைகளாலும் துணியை அமுக்கிக்கொண்டே போதகரிடம் நடந்தேன். அம்மா மூன்றாவது பெஞ்சில் இருந்தாள்.

"எனக்கு இப்பிடி ஒண்ணும் வைக்கல்லியே" என்றேன், சிரிப்பதுபோல.

அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "உனக்கென்னத்துக்கு? நீ எதுக்கு பேடிச்சிருக்க? அண்ணைக்கும் வக்கீலு மாதிரியில்லா சாட்சி சொன்ன."

அந்தச் சாட்சிக்கு முந்தின இரவு நான் தூங்கவில்லை என்பதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. அந்த நேரம் தம்பி மனைவி இரண்டு கட்டன்சாயாவோடு வந்தாள். ஒன்றை எனக்குத் தந்துவிட்டு, மற்றதை ஆற்றி அம்மாவின் கையில் கொடுத்தாள். எவ்வளவு ஆற வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம். சேர விரும்புகிறவர்கள் முன்னால் வந்து சாட்சி சொல்வார்கள். எந்த அங்கத்தினரும் கேள்வி கேட்கலாம். பிறகு அவர்கள் வராந்தாவில் காத்திருக்க, உள்ளே கையுயர்த்துவோம். சட்டப்படி பெரும்பான்மை போதும். வழக்கப்படி ஒரு கை உயராவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிடுவார்கள். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து. அம்மா தள்ளிவைக்கப்பட்டால் தம்பி மனைவி தனியாகத் தொட்டியில் இறங்க மாட்டாள் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

தம்பி மனைவி நாலு வாக்கியம் சொன்னாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா, "நான் கர்த்தரை நம்புகேன், வேற என்ன சொல்ல" என்றாள். சிரிப்பு எழுந்தது. "கேள்வி உண்டுமா?" என்றார் போதகர்.

நான் எழுந்தேன். எழுந்தது சத்தியத்துக்காக என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"முழுக்கு அவரவர் சொந்த விசுவாசத்துல எடுக்கணும்னு நம்ம சபை போதிக்குது. இந்தத் தீர்மானம் உங்களோட சொந்தத் தீர்மானமா, இல்ல வேற ஒருத்தருக்காகவா?"

பின்வரிசையில் ஒரு முதியவர், "அம்மைக்கே குறுக்கு விசாரணையா பிள்ளே!" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா என்னையே பார்த்துப் பேசினாள். "நீ கேக்கது நியாயந்தான். இவ பேடிக்கான்னு, வா நானும் கூட எறங்குகேன்னு நாந்தான் சொன்னேன். சொல்லிட்டு ராத்திரி கெடந்து யோசிச்சேன். மருமவளுக்கு வேண்டி எறங்கலாம்னா, கர்த்தருக்கு வேண்டி இம்புட்டு நாளா எறங்காம இருந்தது என்ன நியாயம்னு. அதுதான் மக்கா. ரெண்டும் உண்டு. பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது."

போதகர் தலையசைத்தார். ஆனால் அந்த முதியவர் இப்போது உண்மையான கேள்வியைக் கேட்டார். "அப்போ, குழந்தைல தெளிச்சது ஞானஸ்நானம் இல்லன்னு ஒத்துக்கிடுதியளா?"

"அத நான் பொய்யின்னு சொல்ல மாட்டேன்" என்றாள் அம்மா. "எனக்க அம்ம பயபக்தியாட்டு செய்தது. இவ்வளவு நாளும் எனக்க மக அதத்தான் பொய்யின்னு சொல்லச் சொன்னா. இவ அப்பிடி ஒண்ணும் சொல்லச் சொல்லல்ல."

இருவரையும் வராந்தாவுக்கு அனுப்பினார்கள். உள்ளே கால்மணி நேரம் பேச்சு நடந்தது. முந்தின தண்ணீரை மறுக்காத ஒருவரை ஏற்கலாமா? போதகர், "இதற்குமுன் நடந்ததற்கு என்ன பெயர் என்று நாம் போதிப்போம். அதை அவர் நாவிலிருந்து பிடுங்கத் தேவையில்லை" என்றார். சிலருக்குத் திருப்தியில்லை. முதியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த விஷயத்தில் நான் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். வாலிபர் வேதபாட வகுப்பில் பல வருடம் நானே அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன்.

நான் ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்தேன். தம்பி மனைவி அம்மாவின் சேலைப் பின்னைக் கழற்றிச் சரியாகக் குத்திக்கொண்டிருந்தாள். அம்மா அவள் கழுத்து வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. ஒருவர் கை மற்றவர் கையில் இடிக்கவில்லை.

"ஏற்கிறவர்கள் கையுயர்த்துங்கள்."

கைகள் உயர்ந்தன. முதியவரின் கையும், கொஞ்சம் தாமதமாக. கைகளை எண்ணிக்கொண்டே வந்த போதகர் என் வரிசையில் நிறுத்திக் காத்திருந்தார். உயர்த்தாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அம்மா கோபப்பட மாட்டாள். இரண்டு அங்கிகளையும் மடித்துப் பெட்டிக்குள் வைப்பாள். மூன்று மாதம் அவர்கள் இருவரும் சேர்ந்து காத்திருப்பார்கள். அதைச் சனிக்கிழமை தோறும் போய்ப் பார்க்க என்னால் முடியாது. கையை உயர்த்தினேன். அதற்கு அன்பு என்று பெயர் வைத்தால் பொய்.

வியாழக்கிழமை மாலை தொட்டி நிரம்பியது. அம்மா முதலில் இறங்கினாள், மூழ்கி எழுந்தாள், கரையேறாமல் தொட்டியின் மூலையிலேயே நின்றாள். அப்படி நிற்பது வழக்கமில்லை. போதகர் அடுத்தவளை அழைத்தார். தம்பி மனைவி மூன்று படிகளையும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். அங்கி மிதக்கவில்லை. துவாலைகளோடு கரையில் நின்றவள் நான்தான். ஈயம் வைத்த ஓரம் சிமெண்ட் படியில் உரசும் சத்தம் கேட்டது.

ஜூன் முதல் ஞாயிறு திருவிருந்து. தம்பி போய்விட்டான். பெஞ்சில் நான், அம்மா, தம்பி மனைவி. நான் ஒரு துண்டு எடுத்துத் தட்டைக் கொடுத்தேன். அம்மா முதல்முறையாக ஒரு துண்டு எடுத்தாள். அந்தத் துண்டைத்தான் நான் இருபத்துநாலு வருடமாகக் கேட்டிருந்தேன். பிறகு தட்டு தம்பி மனைவியிடம் போனது.

எங்கள் சபையில் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போம். எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தபின், போதகர் சொன்னதும், ஒன்றாக உண்போம். பெரிய சபையில் முன்னால் போய் முழங்காலிட்டு வாங்கியதும் உண்டுவிடுவார்கள். தம்பி மனைவி பழக்கத்தில் உடனே வாயில் போட்டுவிட்டாள். சுற்றிலும் எல்லாரும் அப்பத்தைக் கையில் வைத்திருப்பதைக் கண்டதும் அவள் முகம் சிவந்தது.

அம்மா இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தவள். எங்கள் முறை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த துண்டையும் வாயில் போட்டுக்கொண்டாள். இருவரும் தலைகுனிந்து மென்றார்கள். அம்மாவின் தோள் சிரிப்பில் குலுங்கியது.

பின் வரிசைகளுக்குத் தட்டு இன்னும் போய்க்கொண்டிருந்தது. நான் என் துண்டைக் கையில் வைத்தபடி போதகரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.