லத்தீபா பொருந்திக்கொள்ளாத பயணம்

தொண்டியிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் சொந்தபந்தங்களின் வீட்டுக்கெல்லாம் போய், "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் செஞ்சிருந்தா பொருந்திக்கிருங்க" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். போனவர் திரும்புவது நிச்சயமில்லாத காலத்து வழக்கம் அது. நண்டுக் கம்பெனி ரிஃபாய் அதை விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கப் போகுமுன் கேட்டார். பனிமலை ஏறப் போகுமுன் கேட்டார். கேட்டது ஒரே ஒருவரிடம், மனைவி லத்தீபாவிடம்.

மற்றபடி அவர் கதை ஊரறிந்தது. இருபது வயதில் துபாய் போய் மீன் மார்க்கெட்டில் பெட்டி தூக்கினார். திரும்பி வந்து, நம் கடல் நண்டை அவித்துச் சதையெடுத்து, டின்னில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கினார். இன்று இருநூறு பெண்கள் அவர் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். சொந்தமாக ஐஸ் பேக்டரி, ராமநாதபுரத்தில் இரண்டு பெரிய கட்டடங்கள். போதும் என்று உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டிய ஐம்பது வயதில்தான் மனுஷனுக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது.

"கம்பெனி நான் இல்லாட்டியும் ஓடுது புள்ள. என் கையி காலை நம்பி ஒரு காரியம் செஞ்சு எத்தனை வருஷமாச்சு" என்பார்.

லத்தீபாவுக்கு அது புரியாமல் இல்லை. அவர் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்து முன்னால் நிற்கும்போதெல்லாம், "பொருந்திக்கிட்டேன் மச்சான்" என்பாள். ஆனால் சொன்ன பிறகு, சாகப் போவதற்கு நானே சம்மதம் கொடுத்துவிட்டேனே என்று, அவர் வீடு வந்து சேரும்வரை சோறு இறங்காமல் கிடப்பாள்.

ஐம்பத்து நான்கு வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தப் போவதாகச் சொன்னார். முப்பது கிலோமீட்டர் கடல். கூடவே படகு வரும். ஆனால் நடுவில் அதை ஒரு விரலால் தொட்டாலும் நீச்சல் செல்லாது. இரண்டு வருஷம் பயிற்சி எடுத்து, இரண்டு நாட்டு அனுமதியும் வாங்கியாயிற்று. புறப்படும் அன்று வழக்கம்போல வந்து நின்றார்.

"இந்தத் தடவை பொருந்திக்க மாட்டேன்" என்றாள் லத்தீபா.

"வெளையாடாத புள்ள."

"நான் சொல்லாம நீங்க போக மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

முப்பது வருஷம் கூட வாழ்ந்தும் அவளுக்குத் தெரியவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசல்வரை ஓடிச் சொல்லிவிட அவள் வீம்பு விடவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் தனுஷ்கோடி அரிச்சல்முனை மணலில் அவளும் நின்றாள். கம்பெனிப் பெண்கள் வேன் பிடித்து மாலையோடு வந்திருந்தார்கள். ரெண்டே கிலோமீட்டர்தான் பாக்கி என்று படகிலிருந்து மேனேஜர் அகமது கபீர் போன் செய்தார். அதற்குப் பிறகு போன் வரவில்லை, படகுதான் வந்தது. ரிஃபாய் அதில் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தார்.

"நீரோட்டத்துல இழுத்து வலது தோளு போச்சு" என்றார் கபீர். "ஆனாலும் ஒத்தக் கையாலயே நீந்திக்கிட்டுத்தான் இருந்தாக. திடீர்னு அவுகளா வந்து படகைப் புடிச்சுட்டாக."

காரில் வரும்போது லத்தீபா கேட்டாள். "ஏன் மச்சான் புடிச்சீங்க?"

"கரை நல்லாத் தெரிஞ்சுச்சு. ஆனா மூச்சு முட்டுச்சு. இப்பிடியே மூச்சு நின்னு மவுத்தாயிட்டா நீ பொருந்திக்காமப் போயிருவேனேன்னு பயம் வந்துருச்சு. கடலுக்குப் பயப்படல."

சொல்லாத சொல்தான் அவரை உயிரோடு கொண்டுவந்தது என்று முதலில் அவள் மனசு குளிர்ந்தது. பாம்பன் பாலம் தாண்டுவதற்குள், கரை தெரியும் தூரத்தில் அவரைத் தோற்கடித்ததும் அதே சொல்தான் என்று பட, அந்தச் சந்தோஷமே அவளுக்கு வெட்கமாகிப்போனது.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. இனி அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது, நீச்சலை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். ரிஃபாய் காலையில் கம்பெனிக்குப் போனார், சாயங்காலம் வீட்டுக்கு வந்தார், போட்டதைச் சாப்பிட்டார். பெரியவருக்கு இப்போதுதான் புத்தி வந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். லத்தீபா எத்தனையோ வருஷமாக துஆ கேட்டது இப்படி ஒரு மனுஷனைத்தான். வந்து உட்கார்ந்தவரை அவளால் பார்க்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பியவர் சட்டைக்குள் கையை நுழைக்க முடியாமல் நின்றார். அவள் போய்க் கையைப் பிடித்து மெதுவாக நுழைத்துவிட்டாள்.

"அன்னைக்கு உள்ளது, அதுக்கு முன்னாடி உள்ளது எல்லாத்தையும் பொருந்திக்கிட்டேன் மச்சான்."

"ம்."

"நீங்களும் என்னயப் பொருந்திக்கிருங்க."

அவர் முகத்தில் கோபம் இல்லை. அவளை நேராகப் பார்த்துத்தான் சொன்னார்.

"கொஞ்சம் நாளாகட்டும் லத்தீபா."

அவள் தலையை ஆட்டிவிட்டு, மிச்சப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.