படலையடியில் சொன்ன பதில்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே எனக்குக் கள்ளி என்ற பட்டம் கிடைக்கப் பார்த்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் நான் தற்காலிக ரிசர்ச் அசிஸ்டன்ட். சிலி, உருகுவே போன்ற ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் இருந்து வந்து குடியேறியவர்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. வீடு வீடாகப் போய், ஒன்று முதல் ஏழு வரை ஓர் இலக்கத்தைக் கேட்டு எழுத வேண்டும். ஏழு என்றால் மிக மகிழ்ச்சி.

நான் போன வீடுகளில் எல்லாம் ஏழுதான். பேராசிரியர் படிவங்களைப் புரட்டினார். உண்மையிலேயே வீடுகளுக்குப் போனேனா, அல்லது என் அறையில் இருந்தபடியே நிரப்பினேனா என்று கேட்டார். அவர் கேட்டது ஆங்கிலத்தில். எனக்குச் சுட்டது தமிழில். அடுத்த வீட்டுக்குத் தானும் வருவதாகச் சொன்னார். அங்கே வேறு இலக்கம் வந்தால் என் வேலை அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்காரி லூசியா. உருகுவேக்காரி, துணி ஆலையில் வேலை. கதிரை போட்டு இருத்தி, நான் இறைச்சி தொடாத மரக்கறிக்காரி என்று அறிந்ததும் சீஸ் வைத்துத் தனியாக எம்பனாடா என்ற அவர்கள் ஊர்ப் பணியாரம் சுட்டுத் தந்தாள். கேள்வியைக் கேட்டேன். ஏழு என்றாள். எனக்கு மூச்சு வந்தது.

விடைபெற்று எழுந்தோம். போட்டு வாறன் என்று சொன்ன பிறகு வாசல் படலையடியில் அரைமணி நேரம் கதைப்பதில் உருகுவேக்காரர் எங்கள் யாழ்ப்பாணத்தாருக்குச் சளைத்தவர்கள் அல்லர். கணவனுக்கு வேறு ஷிப்ட், ஞாயிறில் மட்டுமே முகம் பார்ப்பதாக லூசியா சொன்னாள். ஊரில் அம்மா கடும் வருத்தமாய்ப் படுக்கையிலாம். லூசியா ஆலையின் கழிப்பறையில் நின்று அழுவாளாம். மற்ற வீடுகளிலும் நான் இப்படிக் கேட்டதுண்டு. படிவத்தை மூடிய பிறகு கேட்பது ஊர்ப் பழக்கம், ஆய்வு அல்ல என்று எண்ணியிருந்தேன்.

பேராசிரியர் என்னை முறைத்தார். பிறகு ஏழு என்பதை அழித்துவிட்டு இரண்டு என்று போடலாமா என்று அவளிடமே கேட்டார்.

லூசியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னதை என் பேச்சில் சொல்கிறேன்.

"ஏன் மாத்திறியள்? வீட்டுக்கு ஆக்கள் வந்தவை, சாப்பிட்டவை, சிரிச்சனாங்கள். அது ஏழுதான். அழுறதும் உண்மைதான். அதை நீங்கள் கேக்கேல்லையே?"

திரும்பும் வழியில் பேராசிரியர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர். திங்கட்கிழமை படிவத்தில், அழுததைக் கேட்கும் இரண்டாவது பக்கம் ஒன்று சேர்ந்தது. ஆய்வுக்கு வரும் பிள்ளைகளே, மேசையில் சொன்னது பொய், படலையடியில் சொன்னது மெய் என்று எழுதிவிடாதீர்கள். நான் போன வீடுகளுக்கு எல்லாம் மறுபடி போனேன். அழுததையும் கேட்டு எழுதினேன். ஒருவர்கூடத் தான் சொன்ன ஏழு என்ற இலக்கத்தை அழிக்கச் சொல்லவில்லை.