குப்பம்மா கொடுத்த குரல்

காட்டுப்பாக்கத்துக் குப்பம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு இன்றைக்கும் வயிறு பற்றி எரிகிறது. கத்தரிக்காய்க் கூடையைச் சுமந்து பூந்தமல்லி சந்தைக்கு நடந்த பெண்பிள்ளை அவள். யார் வம்புக்கும் போகாதவள். அவளுக்குப் போய் இப்படி நடந்திருக்க வேண்டாம்.

வெள்ளைக்காரன் ஆட்சி, முப்பத்திரண்டாம் வருஷம். கள்ளுக்கடை மறியலை வேடிக்கை பார்க்க நின்ற அவள் புருஷன், வண்டிக்காரத் திருவேங்கடத்தைப் பூந்தமல்லி போலீஸ் டாணாவுக்கு இழுத்துப் போனார்கள். மறுநாள் பிணமாகத் தந்தார்கள். காக்கா வலிப்பாம். செத்தவனின் சொந்தத் தம்பி கங்காதரன் அதே டாணாவில் கான்ஸ்டபிள். "எனக்கு அன்னிக்கு லீவு அண்ணி, நான் இருந்திருந்தா உட்டிருப்பேனா" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதான். அவளும் நம்பினாள்.

நம்பாதவன் நாகேந்திரன். வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவன். சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்கு 'ஊர்க்கண்' என்ற புனைபெயரில் செய்தி எழுதுவான். பிணத்தைக் குளிப்பாட்டியவர்களைக் கேட்டு, முதுகு முழுக்க லத்தியடித் தடம் இருந்ததை அப்படியே எழுதிவிட்டான். அச்சில் பார்த்த இன்ஸ்பெக்டருக்கு வெறி பிடித்துவிட்டது. ஊர்க்கண் யார் என்று வீடு வீடாக உருட்டி மிரட்டினார். ஊர் மூச்சு விடவில்லை. கங்காதரனிடம்கூட யாரும் சொல்லவில்லை.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்த்தோம். தர்மகர்த்தா பரந்தாமனிடம் குப்பம்மா போய் நின்றாள். "என் புருஷனுக்காவ எழுதன புள்ளைக்கு ஒரு மாலை போடக்கூடாதா அண்ணாத்தே?"

"பேரச் சொன்னாதானே வம்பு? புனைபேரக் கூப்ட்டு, மாலைய அம்மன் காலடியிலயே வெச்சிடலாம்மா" என்றார் அவர்.

என்ன மூளை பாருங்கள். மரியாதைக்குப் பெயர் கூவினால், வாங்குகிறவன் பக்கம் திரும்பிக் கும்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். பூசாரி "ஊர்க்கண்ணுக்கு மரியாதை" என்று கூவினார். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் பழக்க தோஷத்தில் நாகேந்திரன் பக்கம் திரும்பிக் கைகுவித்தது. பந்தோபஸ்துக்கு வந்திருந்த கங்காதரன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கும்பிட்ட கைகளை இறக்குவதற்குள் எங்களுக்கு விஷயம் உறைத்துவிட்டது. கூழ்ப் பானை காலியாகும் முன்பே நாகேந்திரன் கையில் விலங்கு ஏறியது.

"மாலை கேட்டவ நானு. அவனையும் பொணமா வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குப்பம்மா நடந்தாள். டாணாவுக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். உயிரோடு இருக்கிறானா என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"நாகேந்திரா, கீறியா?"

"கீறேன்க்கா."

கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிடுவாள். அவன் பதில் சொன்ன பிறகுதான் வாயில் தண்ணீர் வைப்பாள். போலீஸ்காரர்கள் விரட்டினார்கள், எழுந்து போய்விட்டு அதே இடத்துக்கு வந்தாள். எங்கள் தெருப் பெண்களும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவனை எப்படி அடித்துக் கொல்வார்கள் என்று எங்களுக்குத் தைரியம் வந்தது.

மறுநாள் உச்சிவெயிலில் அவள் கூப்பிட்டபோது பதில் வரச் சற்று நேரமானது.

"நாகேந்திரா, கீறியா?"

"கீறேன் அண்ணி."

குப்பம்மா துள்ளி எழுந்தாள். நாகேந்திரன் அவளை ஒருநாளும் அண்ணி என்று அழைத்ததில்லை. அப்படி அழைக்க அவளுக்கு ஒரே ஒரு கொழுந்தன்தான்.

வாசலில் நின்ற போலீஸ்காரனைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பின்னாலேயே பெண்கள் எல்லோரும் ஓடினார்கள். நாகேந்திரன் தரையில் நினைவில்லாமல் கிடந்தான். காதிலிருந்து ரத்தம் வடிந்தது. வலது கை விரல்கள் நசுங்கியிருந்தன. சன்னலை ஒட்டிக் கங்காதரன் நின்றுகொண்டிருந்தான். பெண்கள் போட்ட கூச்சலில் சந்தைக் கூட்டமே திரண்டுவிட, இன்ஸ்பெக்டர் தடுக்கத் துணியவில்லை. மாட்டு வண்டியில் நாகேந்திரனை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தான். இடது கையால் எழுதப் பழகி, டாணாவில் நடந்தது அத்தனையும் தன் சொந்தப் பெயரிலேயே எழுதினான். அதற்காக அவனும் பத்திரிகை ஆசிரியரும் ஜெயிலுக்குப் போனார்கள்.

ஆனால் அன்றைக்கு அந்த வண்டி கிளம்பியபோது குப்பம்மா ஏறவில்லை. திரும்பிப் போய்க் கங்காதரனின் எதிரில் நின்றாள்.

"அன்னிக்கு நானு இதே வாசல்ல நின்னு உங்க அண்ணனக் கூப்ட்டேன். 'கீறேன், நீ ஊட்டுக்குப் போ'ன்னு உள்ளேர்ந்து குரலு வந்துச்சு. அவருதான்னு நம்பிப் போய்ச் சோறாக்கி வெச்சேன். அதுவும் நீதானாடா?"

அந்தப் பாவி, 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.