ஆறப் பொறுக்காதவள்

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். ஜன்னல்வரை போய் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, பீர் கன்னங்கரேல் என்றிருக்கிறது. திரும்புகிறாள். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் கோப்பையை உருட்டிச் சூடேற்றுகிறாள். மூக்கை உள்ளே விட்டு எடுக்கிறாள், ஒரு வாய் குடிக்கிறாள், காலால் தரையைத் தட்டுகிறாள்.

"முன்னாடி சரி. நடுவுல சரி. போறப்போ மட்டும் ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போகுது?"

பீரைத்தான் சொல்கிறாள். பிறகு மறுபடியும் ஜன்னல்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் இவளுக்கு வேலை செய்கிற இடத்தில் வைத்த பெயர் பம்பரம். தெருமுனையைத் தாண்டி, ஒரு காலத்தில் டயர் அடுக்கி வைத்திருந்த கொட்டகையில் ஒரு சின்ன பீர் ஆலை நடக்கிறது. அங்கே காய்ச்சுவதும் இவள், ருசி பார்ப்பதும் இவள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒரு சொட்டுத் தொடாதவர்.

"எல்லார் வீட்லயும் புருஷன் வாசனையோட வருவான், பொண்டாட்டி கதவத் திறக்க மாட்டா. எங்க வீட்ல அப்படியே தலைகீழ் அக்கா. ஆனா இவரு திறந்துடுவாரு, பாவம்."

அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவாள். குக்கரில் ஆவி அடங்குமுன் கரண்டியால் வெயிட்டைத் தூக்கிவிட்டு, முகத்தில் அடிக்கும் ஆவியைத் திட்டுவாள். கீழே இருக்கும் எனக்கு அவளுடைய மனநிலை மேல்தளத்துக் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அவள் நாக்கும் அப்படித்தான், சும்மா இருக்காது. என் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, "தூள் டப்பா மாத்துனீங்களா? பிளாஸ்டிக் வாடை வருதே" என்றாள். முந்தின நாள்தான் மாற்றியிருந்தேன்.

அவளுக்கு ஒரே பெண், வாலு. பெயருக்கேற்ற வால். இரண்டு வருஷத்துக்கு முன் யாருடைய பிறந்தநாளிலோ ஒரு துண்டு கேக் தின்றது. அடியில் பொடித்த கொட்டைப்பருப்பு மெல்லிசாகத் தூவியிருந்திருக்கிறது. உதடு தடித்து, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்து, ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்போது குழந்தை நீலம் பாரித்துவிட்டது. பிழைத்தது. கொட்டைப்பருப்பு அதற்கு ஆகாது என்று அன்றுதான் தெரிந்தது; அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு கொட்டைத் தோல்கூட நுழைவதில்லை. அம்மாவின் கைப்பையில் எப்போதும் ஓர் அவசர ஊசி இருக்கும்.

இந்த நிலைமையில்தான் முதலாளிக்கு அந்த ஆசை வந்தது. கடைகளில் எல்லோரும் பருப்பு வாசனையடிக்கும் கறுப்பு பீர் கேட்கிறார்களாம். போர்ட்டர் என்கிற அந்தக் கறுப்பு பீரை இவள் ஏற்கெனவே காய்ச்சிக்கொண்டுதான் இருந்தாள். அதில் போட ஹேசல்நட் என்கிற கொட்டைப்பருப்பின் மாவு ஒரு மூட்டைக்குச் சொல்லிவிட்டார்.

"அந்த மாவு உள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போகணும் சார். அது காத்துல பறக்கும், தலையில ஒட்டும், துணியில ஒட்டும். நான் எதோட வீட்டுக்குப் போறது?"

முதலாளி கெட்டவர் இல்லை. பெரிய உடம்புக்காரர், நிதானமானவர். "எனக்குப் புரியுது. ஆனா பருப்பில்லாம கல்யாணமாம்மா?" என்றார்.

"பண்ணிக் காட்டுறேன்."

முளைகட்டிய பார்லியைப் பக்குவமாக வறுத்தால் அதிலேயே பருப்பு வாசனை வரும் என்பது அவள் கட்சி. காய்ச்சிப் பார்க்க மூன்று வாய்ப்பு கொடுத்தார். மூட்டை வந்தாலும் தையல் பிரிக்காமல் கிடக்கும், மூன்றிலும் சரிவராவிட்டால் பிரிப்பது என்று பேச்சு.

முதல் தடவை வந்தது கரி. இரண்டாவது தடவையும் கரிதான், கொஞ்சம் மரியாதையான கரி. "அடிப்பிடிச்ச பால் சட்டியச் சுரண்டிக் குடிச்ச மாதிரி இருக்குக்கா" என்று அவளே சொன்னாள். முதலாளி கோப்பையை மெதுவாகத் தள்ளி வைத்து, "உன் பருப்பு இங்க வேகலயேம்மா" என்றாராம்.

தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரியும். வறுத்த தானியம் சாக்கில் இரண்டு வாரமாவது கிடந்து ஆற வேண்டும். அப்போதுதான் அந்தக் காரல் போகும். இவள் இரண்டு தடவையும் மூன்றாம் நாளே எடுத்து அரைத்துவிட்டாள். கணவர் மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ துடைத்துக்கொண்டே, யாருக்கும் சொல்லாததுபோல, "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கல" என்றார். அன்றைக்கு மேல்தளம் அதிர்ந்தது.

மூன்றாவது தடவை வறுத்து முடித்ததும், கிடங்குச் சாவியைக் கிடங்குக்காரரிடம் கொடுத்துவிட்டாள். "அண்ணே, நான் கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

"விழுந்துதான் பாரேன். அப்பவும் குடுக்க மாட்டேன்."

அந்த இரண்டு வாரமும் எங்களுக்கு நல்ல காலம். மாடிப்படி தினமும் கழுவப்பட்டது. கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கப்பட்டது. ஓடாமல் கிடந்த என் மிக்ஸியைப் பிரித்துப் பூட்டினாள். ஓடுகிறது, ஆனால் ஒரு திருகு மிச்சம்.

ருசி பார்க்கும் நாளன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "நீங்க குடிக்க வேணாம்க்கா. சும்மா பக்கத்துல உக்காருங்க. நீங்க இருந்தா நானும் கொஞ்சம் உக்காருவேன்."

நான் உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை.

கதவோரம் அந்த மாவு மூட்டை இருந்தது, பிளாஸ்டிக் உறைக்குள் வாய் தைத்தபடி. அதைத் தாண்டும்போதெல்லாம் அவள் பாவாடையை ஒதுக்குவதுபோல உடம்பையே ஒதுக்கிக்கொண்டாள். முதலாளி இரண்டு கோப்பை வைத்தார். ஒன்று இவள் காய்ச்சியது. இன்னொன்று கடையில் வாங்கி வந்தது, அசல் பருப்பு போட்டது.

"ரெண்டையும் குடிச்சாத்தான் வித்தியாசம் தெரியும். நீயும் குடிச்சுட்டுச் சொல்லு."

அவள் கால்கள் நின்றன. கை தானாகக் கைப்பைக்குப் போய் ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அந்தக் கடை பீரைக் குடித்தால் அன்று சாயங்காலம் குழந்தையிடம் அண்ட முடியாது. வாயிலும் மூச்சிலும் இருக்கும், டாக்டர் சொல்லியிருக்கிறார். முதலாளிக்கு அது தோன்றவில்லை. இவளும் சொல்லவில்லை. குடித்தாள்.

"இது சத்தம் போடுது சார். கதவத் திறந்ததுமே நட்ஸ் நட்ஸ்னு கத்துது." தன்னுடையதை எடுத்து ஒரு வாய் குடித்து, ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். "இது பேசுது. முதல்ல கசப்பு. முழுங்கினப்புறம், யாரோ பக்கத்து ரூம்ல கொட்டை ஓடு உடைக்கிற மாதிரி வருது பாருங்க."

"பம்பரம், கொஞ்சம் நில்லும்மா. எனக்குத் தலை சுத்துது" என்றார் முதலாளி. இரண்டையும் மாறி மாறிக் குடித்தார். கண்ணை மூடினார். திறந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"உண்மையச் சொல்லு. அந்த மூட்டையப் பிரிச்சியா?"

கிடங்குக்காரர் மூட்டையருகே குனிந்து பார்த்துவிட்டு, "தையல் அப்படியே இருக்கு சார்" என்றார்.

முதலாளி இன்னொரு வாய் குடித்தார். "அப்ப அதத் திருப்பி அனுப்பிடு."

வீடுவரை அவள் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. எனக்கு மூச்சு வாங்கியது. கேட்டைத் திறந்த சத்தம் கேட்டதும் வாலு மாடிப்படியில் தடதடவென்று இறங்கியது.

"நில்லு!"

குழந்தை பாதிப் படியில் நின்றது. அவள் என் வீட்டுக் குளியலறைக்குள் ஓடினாள். பல் துலக்கிக் கொப்பளிக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. போட்டிருந்ததையெல்லாம் பைக்குள் கட்டிவிட்டு, தொளதொளவென்று என் நைட்டியில் வெளியே வந்தாள்.

மேலேயிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன ஆச்சு?"

"ஜெயிச்சாச்சு. ஆனா தொட முடியாது. அந்தக் கடை பீரையும் குடிச்சிட்டேன்."

"அம்மா, இப்ப வரட்டா?" என்றது வாலு.

"வேணாம்."

"இப்ப?"

"அம்மா இன்னும் ஆறலடி."

வாலு ஒரு படி இறங்கிப் பார்த்தது. அவளுடைய கை தானாக மேலே எழுந்தது, குழந்தையைப் பிடிக்க. அந்தக் கையை அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு கடைசிப் படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.