காணாமல் போன கல்யாண ஆல்பம்

ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிவிடுவதைப் போல ஜாலியான வேலை உலகத்திலேயே கிடையாது, மாட்டினது அங்கேயே நின்றால்! லினக்ஸில் இந்த மாட்டலுக்கு ‘மவுண்ட்’ என்று பேர்; அதை அடித்து மண்டை காய்ந்த மக்களே, வாருங்கள். பிளஸ் டூ லீவில் சங்கரன்கோவில் போட்டோ ஸ்டுடியோ ஒன்றில் எனக்கு இதுதான் வேலை. படமெல்லாம் முன்கடை கம்ப்யூட்டரில். ஆல்பம் செய்யும் செல்வியக்காவுக்கு உள்ரூமில் லினக்ஸ். அந்த வாரம் புளியங்குடி கல்யாண ஆல்பம். சனிக்கிழமை மாப்பிள்ளை துபாய்க்குக் கிளம்புமுன் கையில் கொடுத்தாக வேண்டும்.

அண்ணாச்சி குரல்

அக்காவின் காலி ஃபோல்டரில் முன்கடை ஃபோல்டரை மாட்டினேன். படங்கள் சரசரவென்று வந்து நின்றன! பத்தே நிமிடம், எல்லாம் உறைந்துவிட்டது. ஓடிப் பார்த்தால், ஆளில்லாமல் ஓடுகிறதென்று முதலாளி அண்ணாச்சி முன்கடை கம்ப்யூட்டரை அணைத்திருக்கிறார். அக்காவிடம் போய், தொண்டையைச் செருமி, அண்ணாச்சி மாதிரியே “கரண்டு என்ன, கிணத்துலயா ஊறுது?” என்றேன். பின்னாலேயே நின்றிருக்கிறார் மனுசன்.

“ஏலே, எனக்கு இம்புட்டுக் கரகரப்பு கிடையாது. திருப்பிப் பண்ணு.”

கண்ணாடிப் பெட்டி

மறுநாள் அக்காவுக்குப் படம் தெரிகிறது, திறக்கிறது, சேமிக்கத்தான் முடியவில்லை. எழுதும் அனுமதியை அக்கா பெயருக்குக் கொடுக்காமல் என் பெயருக்குக் கொடுத்திருந்தேன்.

“பலகாரக் கடை கண்ணாடிப் பெட்டி மாதிரில்லா இருக்கு! பாத்துக்கிட்டே நிக்கச் சொல்லுதியாலே?” என்றாள் அக்கா. அனுமதியை அவள் பெயருக்கு மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை

மவுண்ட் கழன்றிருப்பதைப் பார்த்து, உற்சாகமாக மறுபடி மாட்டினேன். அக்கா வந்து ஃபோல்டரைத் திறந்தாள். படங்கள் இருக்கின்றன, மூன்று நாளாகச் செய்த ஆல்பத்தைக் காணோம்! மதியம் அச்சுக்குப் போக வேண்டும். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து தேடினேன்.

அப்புறம்தான் பொறி தட்டியது. செவ்வாய்க்கிழமை ஊரில் கரண்ட் போய், அக்கா கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தபோதே மவுண்ட் கழன்றிருக்கிறது. வேண்டிய படங்களை அக்கா முன்பே தன் பக்கம் எடுத்துவைத்திருந்ததால் தெரியவில்லை. ஆல்பத்தைத் தன் கம்ப்யூட்டரில் இருந்த அந்தக் காலி ஃபோல்டரிலேயே சேமித்திருக்கிறாள். அதன்மேல் நான் முன்கடை ஃபோல்டரை மாட்டி மூடிவிட்டேன்! ஒரே வரிக் கட்டளை அடித்து மவுண்ட்டைக் கழற்றினேன். முழு ஆல்பமும் பொத்தென்று வந்து நின்றது! நாற்காலியில் ஏறி ஆடினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“ஆடு மக்கா, நல்லா ஆடு. மறைச்சதே நீதானலே?”

ஆக, இந்தத் தொழிலில் ஊரைக் காப்பாற்றுகிறவனும் ஊருக்கு வந்த ஆபத்தும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.