ஆயில் போல்ட்

என் கணவருடைய வலது கையில் மூன்று விரல்களைப் பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்ட பிறகுதான் நான் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

அப்போது மண்ணூரில் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பேருக்குமே ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர் கார் உதிரி பாகங்கள் செய்கிற கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இருந்தார். நான் செல்போன் கம்பெனியில் பாகங்கள் பொருத்தும் லைனில் நின்றவள்; அது மூடிய பிறகு ஒரகடத்தில் ஓர் இடத்தில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தேன். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. முதல் ஷிப்டுக்குப் போகிற நேரத்தில் ஷேர் ஆட்டோவும் வராது. அவர்தான் தன் பழைய பைக்கில் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவார்.

அந்த வண்டியை அவர் மெக்கானிக்கிடம் விட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். பிளக்கைக் கழற்றித் துடைப்பார், செயினை இறுக்குவார், ஆயில் மாற்றுவார். நான் கறி வெட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் எனக்கு எந்த ஆர்வமும் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்தார். மெஷினில் கை போனால் நிறுத்துகிற தடுப்பை வேகத்துக்காக அணைத்து வைத்திருந்தார்கள் என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். கட்டு மாற்றக் கூப்பிட்டால் வருவார். கம்பெனியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. என் வேலையும் போனால் நாங்கள் எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. லைனில் என் பக்கத்தில் நிற்கும் அக்கா ஒருத்தி, பென்னலூர்ப் பக்கம் கல் மட்டும் நட்டிருந்த வீட்டுமனைகளுக்கு நடுவே எனக்கு பைக் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, மண்ணும் புகையுமாக, தினமும் செத்துப் பிழைத்துப் போய்வந்தேன்.

வண்டியை யாரும் கவனிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து திரும்பும்போது நடுரோட்டில் செயின் கழன்றது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தபடி என்னை உரசிக்கொண்டு போனது. வண்டியை உருட்டியே வீடு வந்து சேர்ந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவர் திரும்பினார். "செயின் லூசாயிருக்கும். எத்தன நாளா சத்தம் கேக்கு?"

"எனக்கென்ன தெரியும்? வண்டின்னா சத்தம் கேக்கத்தான் செய்யும்னு நெனச்சேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமதான, சரி பண்ணணும்" என்றார். வாரக்கணக்கில் பேசாதவர் பேசிய அந்தச் சொல்லுக்காகவே எதையும் செய்யலாம் போலிருந்தது.

ஞாயிறன்று வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்தார். நான் சாக்கில் உட்கார்ந்தேன். பின் சக்கர நட்டைத் தளர்த்தச் சொன்னார். ஸ்பேனர் மேல் ஏறி நின்றுதான் தளர்த்தினேன். இரண்டு பக்கமும் அடையாளக் கோடு சமமாக வருகிறதா என்று பார்த்துச் செயினை இறுக்கினேன். பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் போல்ட்டைக் கழற்றினேன். கரிபோல எண்ணெய் மணிக்கட்டில் வழிந்தது.

வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார். "இன்னாமா, வண்டிய பிரிச்சிப் போட்டுகினு கீற? மெக்கானிக்காண்ட வுடக்கூடாதா?"

"இவரு சொல்லுதாரு, செய்யுதேன்" என்றேன். நாற்காலியில் இருந்தவர் முகத்தில் சிரிப்புக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று வந்துபோனது.

போல்ட்டைத் திருப்பி மாட்டினேன்.

"இறுக்கு. இன்னும் கொஞ்சம்."

"எவ்வளவு?"

"கைக்குத் தெரியும்."

"ஒங்க கைக்குத் தெரியும். என் கைக்கு எப்படித் தெரியும்?"

"இன்னும் ஒரு இழு இழு."

இழுத்தேன். கெட்டியாக நின்ற ஸ்பேனர் சட்டென்று இலகுவாகச் சுற்றியது. நன்றாக இறுகிவிட்டது என்று நினைத்துப் புது ஆயிலை முழுவதும் ஊற்றினேன். கேனைக் கீழே வைப்பதற்குள் சாக்கில் பொன் நிறத்தில் ஒரு வட்டம் விரிந்தது.

"ஐயையோ, ஊத்திகினு கீதும்மா!" என்று வீட்டுக்கார அம்மா கத்தினார்.

"மரை போச்சுட்டி" என்றார் அவர். மறுகணம் மண்டியிட்டு, பழக்கதோஷத்தில் வலது கையை அடியில் நீட்டினார். கட்டு இஞ்சினில் இடித்தது. அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அந்த நேரம் போல்ட்டும் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. இடது கையைக் கொண்டுவந்து ஓட்டையில் விரலை வைத்து அடைத்தார். அப்படியே தரையில் தலை சாய்த்துக்கொண்டு அழுதார். விபத்து நடந்தபோதுகூட அவர் அழவில்லை.

"ஒரு போல்ட்டக்கூடப் பிடிக்க முடியாதவன் என்னத்துக்குட்டி உயிரோட இருக்கணும்?"

மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகக் கான்ட்ராக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தான். ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் எறிய வேண்டும்போல் இருந்தது. வாயில் வந்ததோ இதுதான்:

"அத பொறவு பேசிக்கிடலாம். இப்ப விரல எடுத்துராதீங்க. ஆயில் போயிரும்."

அவர் அழுதபடியே என்னைப் பார்த்தார். விரலை எடுக்கவில்லை.

வீட்டுக்கார அம்மா துணி ஊறவைக்கிற பேசினைக் கொண்டுவந்து அடியில் தள்ளினார். மீதி ஆயிலை அதில் பிடித்தோம். ஞாயிறு என்பதால் மரை போட்டுத் தரும் லேத் கடையும் மெக்கானிக் கடையும் மூடியிருந்தன. குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பும், கசிவை அடைக்கும் பசையும் அந்த அம்மாவிடமே இருந்தன. போல்ட்டில் டேப்பை என் கணவர் சொன்னபடி தடிமனாகச் சுற்றினேன். இந்தமுறை "இன்னும் கொஞ்சம்" என்று அவர் சொல்லவில்லை. என் கையின் மேல் தன் இடது கையை வைத்துக்கொண்டார். இருவருமாகத் திருகினோம். சுற்றிலும் பசையை அப்பினோம். பேசினில் பிடித்த ஆயிலைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினேன்.

திங்கட்கிழமை ஒரகடம் போகும் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். லைனில் நின்றபோதும் ஸ்டாண்டில் நின்ற வண்டியே கண்ணுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் இரண்டு முறை திட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் தெருமுனையில் நின்றிருந்தார். விபத்துக்குப் பிறகு தானாக அவ்வளவு தூரம் வந்தது அன்றுதான். நான் இறங்குவதற்கு முன்பே குனிந்து இஞ்சின் அடியில் இடது கையால் தடவிப் பார்த்தார். உள்ளங்கையில் ஈரமாக ஒரு கோடு.

"கசியுது."

"நாளைக்குத் தாங்குமா?"

"நாளைக்குத் தாங்கும். நாள மறுநா தெரியாது" என்றார். "காலையில லேத் கடையில கேட்டு வைக்கேன். பெரிய போல்ட்டுக்கு மரை போட முடியுமான்னு."

"நீங்களா போவீங்க?"

"நடந்து போதேன்."

வண்டியை அவரும் ஒரு கையால் பிடித்துத் தள்ளினார். இருவருமாக வீட்டுக்குப் போனோம்.