ரூபி டீச்சரின் சந்தேகம்

ரூபி டீச்சர் காலமானார் என்று பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. நாளைக்கு லீவு என்று அதில் வருவதில் பாதி பொய். கவரைப்பேட்டையில் அவர் வீட்டுக்கே கிளம்பினேன். எதையும் நேரில் போய்ப் பார்க்கும் பழக்கம் அவர் தந்ததுதான்.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். சாப்பிட்டேன் என்றால் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பார்.

அவர் நான்காம் வகுப்பு டீச்சர், நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். வாசிப்புத் தேர்வு நெருங்கினால் இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்துப் பழக்குவோம். எல்லாம் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்களின் பிள்ளைகள். ஒரு பயிற்சிப் பத்தியில், மழை வந்ததால் அப்பா சீக்கிரம் வீடு திரும்புவார். "ஏன் சீக்கிரம் வந்தார்?" என்று கேட்டதும் வகுப்பே சரியாகச் சொன்னது. எனக்குப் பூரிப்பு. ரூபி டீச்சரின் முகம் சுருங்கியது.

"அல்லாரும் கரெக்டா சொல்றாங்கன்னா எங்கியோ இடிக்குது டீச்சர்."

பிள்ளைகள் தேறினால்கூட இவருக்குப் பொறுக்காதா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் மழையை எடுத்துவிட்டு, கம்பெனியில் கரண்ட் போனது என்று பத்தியை மாற்றிக் கொடுத்தார். கேள்வி அதேதான். மழை, மழை என்று வகுப்பே கத்தியது. "எங்க போட்டுக்குது? வெரல வச்சிக் காட்டு," என்றார். ஒரு விரலும் நகரவில்லை. நந்தினி மட்டும் இன்னும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு வரியில் விரலை வைத்து, "கரண்ட் பூட்ச்சி டீச்சர்," என்றாள்.

அந்த நந்தினியைத்தான், மெதுவாகப் படிக்கிறாள், தேர்வன்று வீட்டிலேயே இருக்கட்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். பள்ளியின் பெயர் கெட்டுவிடுமாம். ரூபி டீச்சர் நேரே அவரிடம் போனார். "இவ ஒருத்திதான் சார் படிக்கறா. மத்ததெல்லாம் ஒப்பிச்சிக்கினு கீது. இவள உக்கார வைக்கலன்னா நானும் வர்ல."

நந்தினி தேர்வு எழுதினாள். பாதிதான் முடித்தாள், முடித்ததில் ஒரு தப்பும் இல்லை. அதன்பிறகு எந்தப் பிள்ளையையும் விரல் வைக்காமல் வாய் திறக்க அவர் விட்டதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. அதன்முன் நந்தினி நின்றிருந்தாள். இப்போது எட்டாவது, மளமளவென்று படிப்பாள். இருந்தும் பெயரின்மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்தினாள்.

"அவுங்கதான் டீச்சர். போட்டுக்குது."

அங்கேயே அழுதுவிட்டேன். அவர் தந்த சந்தேகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்தப் போஸ்டரிடம் மட்டும் அது பலிக்கவில்லை.